புழக்கடையில் வண்ணக் கீரை! குழந்தைகளின் கண்ணுக்குக் காவல்!

"என்னை என்ன கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா?"

சண்டையில் இப்படிக் கேட்பது வழக்கம். கிள்ளுக்கீரை என்றால் மதிப்பு இல்லாதது என்று பொருள்! நகத்தால் கிள்ளினாலே கைக்கு வந்து விடும். விலையும் அதிகம் இல்லை. அதனால் அதற்கு இந்தப் பெயர்.

ஆனால், தமிழ்நாட்டில் எத்தனையோ குழந்தைகள் பார்வையை இழந்தது இந்தக் கிள்ளுக்கீரை வயிற்றுக்குள் போகாத காரணத்தால்தான் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். டாக்டர்கள் கண்டு சொன்ன உண்மை அது.

மாலைக்கண்

பொழுது சாய்கிறது. விளக்கு ஏற்றும் நேரம். மற்றக் குழந்தைகள் தெருவில் ஓடி விளையாடுகின்றன. ஒரு குழந்தை மட்டும் திண்ணையை விட்டு இறங்க மறுக்கிறது. சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால் கையால் துழாவுகிறது. எழுந்து நடந்தால் வாசற்படியில் தடுக்கி விழுகிறது. பகலில் பார்த்தால் அதே குழந்தைக்கு ஒரு குறையும் தெரியாது.

இதுதான் மாலைக்கண். வைட்டமின் 'ஏ' என்ற உயிர்ச்சத்து உடம்பில் குறைந்து விட்டது என்பதற்கு இது முதல் அறிகுறி.

இதைக் கவனிக்காமல் விட்டால் விழியின் ஈரம் வற்றிப் போகும். வெள்ளை விழியில் சோப்பு நுரை போலத் திட்டுப் படியும். பிறகு கருவிழி மங்கும். கடைசியில் புண்ணாகி அழிந்து விடும். நடுவில் தட்டம்மையோ, பெரிய வயிற்றுப்போக்கோ வந்து விட்டால் இவ்வளவும் சில நாட்களிலேயே நடந்து முடிந்து விடும்! கருவிழி அழிந்த பிறகு எந்த மருந்தாலும் பழைய பார்வையைக் கொண்டு வர முடியாது.

வெள்ளைச் சாப்பாடு

வைட்டமின் 'ஏ' பால், நெய், முட்டை, ஈரல் இவற்றில் நேராகவே இருக்கிறது. ஏழை வீட்டில் இவை தினமும் கிடைக்குமா?

சேலம், நாமக்கல் சமவெளியைப் பாருங்கள். காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் வாழையும் வெற்றிலையும் கரும்பும் செழிக்கும். கரையை விட்டு விலகினால் மானாவாரி நிலம். சோளம், கம்பு, ராகி, மரவள்ளி. ஜவ்வரிசிக்குச் சேலம் பேர் போன ஊர்.

அரிசிச் சோறு வெள்ளை. மரவள்ளிக் கிழங்கு வெள்ளை. ஜவ்வரிசியும் வெள்ளை. இவை வயிற்றை நிரப்பும். பசியை ஆற்றும். ஆனால் இவற்றில் வைட்டமின் 'ஏ' இல்லை.

பழைய காலத்துப் பாட்டிமார்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனாலும் ராகிக் களிக்குக் கீரைக் கடைசலைத்தான் கூட்டு சேர்த்தார்கள். மழை பெய்தால் காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையையும், தொய்யக்கீரையையும், குமிட்டிக்கீரையையும் மடி நிறையப் பறித்து வந்தார்கள். களி போய்ச் சோறு வந்தது. காட்டுக்குப் போவது நின்றது. கீரையும் தட்டை விட்டுப் போய் விட்டது!

சாப்பாட்டு வித்தியாசம் உடம்பில் எப்படித் தெரியும் என்பதை நீலகிரியில் உள்ள குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் காட்டினார். 1918-ல் அவர் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறகு இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டைத் தனித் தனியாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட பஞ்சாப் சாப்பாட்டு எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டு எலிகள் நோஞ்சானாக நின்றன! குன்னூரில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையம்தான் பின்னால் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய சத்துணவு நிறுவனமாக இருக்கிறது.

மதுரையில் கீரை வைத்தியம்

சேலத்துக்குத் தெற்கே மதுரையில், அரசு ஆஸ்பத்திரியின் கண் வைத்தியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணி விட்ட பிறகும், அந்த விரல்களாலேயே ஆயிரம் ஆயிரமாகக் கண் ஆபரேஷன் செய்தவர். 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவரும் அவர்தான்.

கண்புரையால் வந்த குருட்டைக் கத்தி தீர்த்து விடும். ஆனால் சத்துக் குறைவால் கருவிழி கரைந்து வரும் குழந்தைக்குக் கத்தி என்ன செய்யும்? மருந்து கொடுத்து அனுப்பினாலும், அதே வீட்டுக்கு, அதே சாப்பாட்டுக்குத்தானே குழந்தை திரும்பப் போகிறது?

இதற்காக மதுரையில் 1970-களில் குழந்தைகளுக்கு ஒரு சத்துணவு மறுவாழ்வு நிலையம் நடத்தப்பட்டது. குழந்தையோடு தாயும் தங்கினாள். அந்த ஊர்க் கடையில் கிடைக்கும் மலிவான தானியம், பருப்பு, கீரை இவற்றைக் கொண்டே அங்கே சமையல். விலை உயர்ந்த டானிக் இல்லை. எதைச் சமைப்பது, எப்படி ஊட்டுவது என்று தாய்க்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்த அன்டாய்னெட் பிரி என்ற பெண் விஞ்ஞானி 1971-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் சும்மா உட்காரவில்லை. இந்த வேலைக்குத் துணையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். அவர் வற்புறுத்தியது என்ன தெரியுமா? வீட்டுத் தோட்டத்தில் கீரை வளர்க்க வேண்டும் என்பதுதான்! கண்ணின் நுட்பத்தை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர், கடைசியில் கையில் எடுத்தது கீரை விதையை.

இன்றைய நிலை

1970-ல் இருந்து அரசு, சிறு குழந்தைகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் 'ஏ' மருந்தை வாயில் ஊற்றும் திட்டத்தை நடத்தி வருகிறது. தட்டம்மைக்குத் தடுப்பு ஊசி வந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவும், நாமக்கல் பண்ணை முட்டையும் வந்தன. ஆகவே, சத்துக் குறைவால் கண் அவிந்து போகும் குழந்தையைத் தமிழ்நாட்டில் இன்று காண்பது அரிது.

அப்படியானால் கீரைக்கு வேலை முடிந்து விட்டதா? இல்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை இருந்தது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேர். வயிறு நிறைந்தும் ரத்தம் ஊறவில்லை!

பச்சைக்குள் மஞ்சள்

கண்ணுக்கு நல்லது கேரட் என்று எல்லோருக்கும் தெரியும். கேரட்டின் நிறத்துக்குக் காரணமான பொருளுக்குக் கரோட்டின் என்று பெயர். அதைச் சாப்பிட்டால் உடம்பு வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக் கொள்கிறது.

கேரட்டில் உள்ள அதே மஞ்சள் கீரையிலும் இருக்கிறது. பச்சை நிறம் மேலே போர்த்தி மறைத்து விடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். முருங்கைக் கீரைக் கொத்து ஒன்றை இரண்டு மூன்று நாள் மூலையில் போட்டு வையுங்கள். இலை மஞ்சளாகி விடும். அந்த மஞ்சள் புதிதாக வந்தது அல்ல. பச்சை அழிந்ததும் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது.

ஆகவே, எந்தக் கீரை கரும்பச்சையோ அதில் கரோட்டின் அதிகம். முருங்கையும் அகத்தியும் முன் வரிசையில் நிற்கும். வெளுத்த முட்டைக்கோஸ் இவற்றுக்குப் பக்கத்தில் வர முடியாது.

சரி, தண்டுக்கீரையின் சிவப்பு?

"சிவப்புக் கீரை ரத்தம் ஊறச் செய்யும்" என்று ஊரில் சொல்லுவார்கள். நிறத்தைப் பார்த்துச் சொன்ன சொல் இது. அந்தச் சிவப்பு, பீட்ரூட்டின் சிவப்புக்குச் சொந்தக்கார நிறம். தண்ணீரில் கரையும். அதனால்தான் வேக வைத்த தண்ணீர் ரோஜா நிறமாகிறது. அது இரும்புச் சத்தும் அல்ல, வைட்டமின் 'ஏ'யும் அல்ல. ஆனால் சிவப்புக் கீரையிலும் பச்சைக் கீரையைப் போலவே கரோட்டினும் இரும்பும் இருக்கின்றன. ஆகவே சாப்பிடுவதில் நஷ்டம் இல்லை.

லாபம் வேறு ஒன்றும் உண்டு. குழந்தைகளுக்கு நிறம் பிடிக்கும். பச்சைக் கடைசலைக் கண்டால் முகத்தைத் திருப்பும் பிள்ளை, சோறு சிவப்பானால் ஒரு வாய் வாங்கும்! தாய்மார்களுக்கு அது போதாதா?

நாலு பாத்தி போதும்

கொங்கு நாட்டில் புழக்கடையைப் பொடக்காளி என்பார்கள். அதில் 10 அடி நீளம், 4 அடி அகலம் இடம் இருந்தால் போதும். காலை வெயில் நன்றாக விழ வேண்டும். நிழலில் போட்டால் சிவப்புக் கீரை சிவப்பு மங்கி வளரும். இடம் இல்லாதவர்கள் மொட்டை மாடியில் பழைய பக்கெட், சிமெண்ட் சாக்கு இவற்றில் மண் நிரப்பி வளர்க்கலாம். அடியில் துளை போட மறக்கக் கூடாது. கீரைக்குத் தண்ணீர் வேண்டும். தேங்கும் தண்ணீர் ஆகாது.

செம்மண் சீக்கிரம் இறுகி விடும். அரை அடி ஆழம் கொத்திக் கல்லைப் பொறுக்கி, மக்கிய எருவைக் கலக்க வேண்டும்.

நாமக்கல் பக்கத்தில் கோழி எருவுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பண்ணையில் இருந்து வந்த எருவை அப்படியே போட்டால் அதன் சூட்டில் நாற்று கருகி விடும். அதில் நோய்க் கிருமிகளும் இருக்கலாம். இலையை அல்லவா சாப்பிடப் போகிறோம்? மண்ணும் சருகும் கலந்து குவித்து, இரண்டு மூன்று மாதம் நன்றாக மக்க விட வேண்டும். வாடை போய், கையில் எடுத்தால் மண் போல உதிர வேண்டும். அப்போதும் கொஞ்சமாகப் போட்டால் போதும்.

இடத்தை நாலு பாத்தியாகப் பிரியுங்கள். நாலிலும் ஒரே நாளில் விதைப்பதுதான் பலர் செய்கிற தவறு. எல்லாம் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாக முற்றி, பாதி ஆட்டுக்குப் போய் விடும்! வாரத்துக்கு ஒரு பாத்தி விதையுங்கள். முதல் வாரம் பச்சை முளைக்கீரை. அடுத்த வாரம் சிவப்புத் தண்டுக்கீரை. மூன்றாவது வாரம் சிறுகீரை. நாலாவது வாரம் இரண்டு நிறக் கீரை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ 5' என்ற ரகத்தில் ஒரே இலையில் பச்சையும் ரோஜா நிறமும் இருக்கும். நாலாவது பாத்தி விதைத்த மறு வாரம், முதல் பாத்தி பறிப்புக்குத் தயாராகி விடும்.

ஒரு பாத்தியில் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை கிடைக்கும். 5 பேர் உள்ள வீட்டுக்கு வாரத்தில் இரண்டு வேளைக்கு வரும். மற்ற நாளுக்கு முருங்கை இருக்கிறது.

கீரை விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவ வேண்டும். மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. குடத்தால் ஊற்றினால் விதை அடித்துக் கொண்டு போய் விடும், பூவாளிதான் சரி. எறும்பு விதையை இழுத்துக் கொண்டு போகும். பாத்திக்கு வெளியே கொஞ்சம் அரிசி நொய் போட்டால் அது அந்தப் பக்கம் போய் விடும் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்லும் யுக்தி.

சில நாட்களில் முளை தெரியும். 20 முதல் 25 நாட்களில் நெருக்கமாக இருப்பவற்றை வேரோடு பிடுங்கலாம். அதுதான் முளைக்கீரை. விட்டு வைத்ததைத் தண்டு திரளும் வரை வளர்த்தால் சாம்பாருக்குத் தண்டுக்கீரை.

அரைக்கீரை வேறு மாதிரி. வேரோடு பிடுங்கத் தேவை இல்லை. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். ஒரு முறை விதைத்தால் மூன்று மாதம் கிள்ளலாம். கிள்ளுக்கீரை என்ற பெயர் இதற்குத்தான் பொருத்தம்.

வேலிக்கும் வண்ணம்

பாத்தியோடு நின்று விட வேண்டாம். வேலியில் கொடிப்பசலையை ஏற்றி விடலாம். தண்டு ஊதாச் சிவப்பு, இலை பச்சை, பழம் கறுப்பு. பழத்தை நசுக்கினால் கை முழுவதும் சாயம்! தண்டை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். பொன்னாங்கண்ணியும் அப்படியே, துணி துவைத்த தண்ணீர் போகாத ஈரமான ஓரம் அதற்கு ஏற்ற இடம்.

புளிச்சக்கீரையில் சிவப்புத் தண்டு உண்டு. வறட்சி தாங்கும். அதன் புளிப்பு உலோகத்தோடு சேரக் கூடாது. மண் சட்டியில்தான் கடைய வேண்டும். ருசியும் அதில்தான்.

ஆழ்குழாய்த் தண்ணீர் சற்று உப்பாக இருக்கும் வீடுகளில் பாலக் கீரை தாக்குப் பிடிக்கும். பீட்ரூட் விதை போட்டால் கிழங்கு வருவதற்கு முன்பே அதன் சிவப்பு நரம்பு இலையைக் கீரையாகச் சமைக்கலாம். வெந்தயம், கொத்தமல்லி இரண்டையும் ஐப்பசிக்கு மேல் போட வேண்டும். சித்திரை வெயிலில் போட்டால் பூத்துக் கொண்டு போய் விடும்.

அந்தச் சித்திரை வெயில்தான் இங்கே பெரிய சோதனை. பகல் 11 மணிக்கு மேல் நாற்றுகளுக்கு மேலே பழைய சேலையையோ தென்னங்கீற்றையோ பந்தல் போலக் கட்டி, சாயங்காலம் எடுத்து விட வேண்டும். இரண்டு வேளை தண்ணீர். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் ஊற்றலாம். சாக்கடைத் தண்ணீர் கூடவே கூடாது.

இலையைச் சுருட்டிப் பின்னும் புழு வரும். காலையில் பார்த்துக் கையால் எடுத்து விட வேண்டும். அதிகமானால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து வடிகட்டித் தெளிக்கலாம். கடை விஷத்தை வீட்டுக் கீரையில் அடிப்பதைப் போல மடத்தனம் வேறு இல்லை.

சேலம் பக்கத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மரவள்ளித் துளிர் பார்க்கக் கீரை போலவே இருக்கும். அது கீரை அல்ல! அந்த இலையில் விஷம் இருக்கிறது. மேய்ந்த ஆடு செத்துப் போவதைக் குடியானவர்கள் அறிவார்கள்.

சமைக்கும் முறை

முதலில் அலசுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு அலசினால் சத்து தண்ணீரோடு போகும்.

கரோட்டின் எண்ணெயில் கரையும் பொருள். எண்ணெயே இல்லாத கீரையைச் சாப்பிட்டால் அதில் பெரும் பகுதி உடம்பில் சேராது. தாளிக்க ஒரு கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். பருப்பு சேர்த்துக் கடைவது நம் வழக்கம். நல்ல வழக்கம். சிறு குழந்தைக்கு நார் இல்லாமல் மசித்து, தினமும் ஒரு பிடி கொடுக்கலாம்.

கீரையில் உள்ள இரும்பு எளிதில் ரத்தத்தில் சேராது. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்து கொண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, தேநீர் குடித்தால் அந்த இரும்பும் தடைப்படும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும்.

சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொண்டு சாப்பிட வேண்டும். இன்னொன்று: கீரை வருமுன் காப்பது. மாலைக்கண் தெரிந்து விட்ட குழந்தைக்கு வீட்டில் கீரை கடைந்து கொண்டு இருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ரத்த சோகை உள்ள கர்ப்பிணிகளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையைக் கீரைக்காக நிறுத்தக் கூடாது.

விதை எங்கே?

சேலத்தை அடுத்த சந்தியூரிலும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. எந்த ரகம், எந்த மாதம் என்று அங்கே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

ஒரு முறை வாங்கினால் போதும். பாத்தி ஓரத்தில் திடமான செடி இரண்டு மூன்றைப் பறிக்காமல் விடுங்கள். கதிர் விட்டு முற்றியதும் அறுத்து, நிழலில் உலர்த்தி, துணியில் தட்டினால் கறுப்பு விதை மினுமினு என்று உதிரும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் பூத்தால் மகரந்தம் கலந்து, அடுத்த விதைப்பில் நிறம் மாறி வரும். நிறம் கெடாமல் வேண்டும் என்றால் ஒரு பருவத்துக்கு ஒரு நிறத்தை மட்டுமே விதைக்கு விட வேண்டும்.